4 பாட்டில் தண்ணீர், 211 கி.மீ பயணம்: வென்டூ மலையில் உயிரைவிட்ட சைக்கிள் உலக சாம்பியன் டாம் சிம்ப்சன்.. என்ன நடந்தது?

நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டும்போது தாகம் எடுத்தால் என்ன செய்வோம்? நிறுத்தித் தண்ணீர் குடிப்போம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் உலகின் மிகப்பெரிய சைக்கிள் பந்தயத்தில், கொளுத்தும் வெயிலில் மலை ஏறும் வீரர்கள் இத்தனை பாட்டில் தண்ணீர்தான் வாங்கலாம் என்று விதியே போட்டிருந்த காலம் ஒன்று இருந்தது.

அந்தக் காலத்தில்தான், 1967ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று, பிரான்சின் மான்ட் வென்டூ மலையில் சுருண்டு விழுந்து இறந்தார் டாம் சிம்ப்சன். பிரிட்டனின் முதல் தொழில்முறை சாலைப் பந்தய உலக சாம்பியன். அப்போது அவருக்கு வயது 29.

அவர் சட்டைப் பையில் ஊக்க மாத்திரைக் குப்பிகள் இருந்தன. அதனால் இந்த மரணம் ஊக்கமருந்துக் கதையாகவே இன்றுவரை சொல்லப்படுகிறது. அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. வெயில், வயிற்றுக் கோளாறு, பிராந்தி, தண்ணீர்க் கட்டுப்பாடு, தோற்கக் கூடாது என்ற வெறி எல்லாம் ஒரே நாளில் ஒன்றுசேர்ந்ததுதான் அவர் கதை. விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த டாம் சிம்ப்சன்?

1937 நவம்பர் 30ஆம் தேதி, இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் உள்ள ஹாஸ்வெல் என்ற ஊரில் பிறந்தவர் சிம்ப்சன். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. வீட்டில் ஆறு பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. பிறகு குடும்பம் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள ஹார்வொர்த் என்ற இன்னொரு சுரங்க ஊருக்குக் குடிபெயர்ந்தது.

சைக்கிள் அவருக்கு முதலில் பிழைப்புக்கான வண்டிதான். மளிகைச் சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அப்படியே உள்ளூர் சைக்கிள் கிளப்பில் சேர்ந்தார். ஆள் ஒல்லிப்பிச்சான். அதனால் இத்தாலியின் பெரிய சைக்கிள் வீரர் ஃபாஸ்டோ காப்பியின் பெயரைச் சேர்த்து, எடை குறைந்த காப்பி என்ற பொருளில் கிளப்பில் கேலியாகக் கூப்பிட்டார்கள்.

கேலி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், 19 வயதில், குழு பர்சூட் பந்தயத்தில் வெண்கலம் வென்ற பிரிட்டன் அணியில் அவரும் ஒருவர். 1958இல் கார்டிஃப் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் தனிநபர் பர்சூட்டில் வெள்ளி.

கையில் 100 பவுண்டு, இரண்டு சைக்கிள்

அந்தக் காலத்தில் சாலை சைக்கிள் பந்தயம் என்றால் பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலிதான். பிரிட்டனில் இருந்துகொண்டு அதில் பெரிய ஆளாக முடியாது. 1959 ஏப்ரலில் சிம்ப்சன் துணிந்து முடிவெடுத்தார். 100 பவுண்டு பணமும் இரண்டு சைக்கிள்களும் எடுத்துக்கொண்டு, பிரான்சின் பிரிட்டனி பகுதியில் உள்ள செயின்ட் பிரியூ நகருக்குப் போய்ச் சேர்ந்தார். பிரெஞ்சு மொழி பெரிதாகத் தெரியாது. ஜெயித்தால் காசு, இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஜெயித்தார். அதே ஆண்டு தொழில்முறை அணி ஒன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. சில மாதங்களிலேயே உலக சாம்பியன்ஷிப் சாலைப் பந்தயத்தில் 4ஆம் இடம் பிடித்துத் திரும்பிப் பார்க்க வைத்தார். பிற்பாடு அவர் மனைவியான ஹெலனைச் சந்தித்ததும் இந்த ஊரில்தான். திருமணத்துக்குப் பிறகு பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் குடியேறினார்கள். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

1960இல் பாரிஸ்-ரூபே பந்தயம். கரடுமுரடான கல் பாவிய சாலைகளுக்குப் பெயர்போனது. சிம்ப்சன் எல்லோரையும் விட்டுவிட்டுத் தனியாகப் பறந்தார். தொலைக்காட்சியில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்த பந்தயம் அது. முடிவிடத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது உடம்பில் சக்தி தீர்ந்துபோய், 9ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். ஆனாலும் ஐரோப்பா முழுக்க அவர் முகம் தெரிந்துவிட்டது.

சிம்ப்சனின் குணம் இந்த ஒரு பந்தயத்திலேயே தெரியும். இருப்பதை எல்லாம் கொட்டிவிடுவார். மிச்சம் வைக்கத் தெரியாது.

மஞ்சள் ஜெர்சி முதல் உலக சாம்பியன் வரை

1961இல் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் வென்றார். அதை வென்ற முதல் பிரிட்டிஷ் வீரர் அவர்தான்.

1962இல் இன்னும் பெரிய விஷயம் நடந்தது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஒட்டுமொத்த நேரக் கணக்கில் முன்னணியில் இருப்பவர்தான் மஞ்சள் ஜெர்சி அணிவார். அந்த ஜெர்சியை அணிந்த முதல் பிரிட்டிஷ் வீரர் ஆனார் சிம்ப்சன். ஒரே ஒரு நாள்தான். அடுத்த நாளே மலையேற்றத்தில் அதை இழந்தார். ஆனாலும் அந்த டூரை 6ஆம் இடத்தில் முடித்தார்.

பிரெஞ்சுப் பத்திரிகைகளுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. கோட்டு, வட்டத் தொப்பி, கையில் குடை என்று ஒரு இங்கிலீஷ் கனவான் வேஷத்தில் போஸ் கொடுப்பார். சுரங்கத் தொழிலாளி மகனுக்கு இந்த வேஷம் நன்றாகவே பொருந்தியது.

அதன்பின் வெற்றிகள் வரிசையாக வந்தன.

* 1963: சுமார் 550 கி.மீ தூரம் கொண்ட போர்டோ-பாரிஸ் பந்தயத்தில் வெற்றி
* 1964: மிலான்-சான் ரெமோ பந்தயத்தில் வெற்றி
* 1965: ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில், ஜெர்மனியின் ரூடி ஆல்டிக்கை வீழ்த்தி உலக சாம்பியன்
* 1965: அதே ஆண்டு டூர் ஆஃப் லம்பார்டி பந்தயத்திலும் வெற்றி
* 1967: பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் வெற்றி

1965ஆம் ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமை என்ற பிபிசி விருதும் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் சைக்கிள் வீரரும் இவர்தான்.

1967 டூர் அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம்?

இத்தனை வெற்றிகள் இருந்தும் ஒரு குறை பாக்கி இருந்தது. டூர் டி பிரான்ஸில் பெரிய இடம் கிடைக்கவில்லை. சாலைப் பந்தய வீரருக்கு உண்மையான வருமானம் வருவது டூரில் ஜொலித்த பிறகுதான். டூர் முடிந்ததும் ஊர் ஊராக நடக்கும் காட்சிப் பந்தயங்களுக்கு யாரை, எவ்வளவு பணத்துக்கு அழைப்பது என்பதை டூரின் முடிவுகள்தான் தீர்மானிக்கும்.

1966 அவருக்கு மோசமான ஆண்டு. பனிச்சறுக்கு விளையாடும்போது கால் எலும்பு முறிந்தது. உலக சாம்பியனாக அதிகம் சம்பாதித்திருக்க வேண்டிய சீசனின் பெரும்பகுதி வீணானது. அந்த ஆண்டு டூரிலும் மலை இறக்கத்தில் விழுந்து காயத்தோடு வெளியேறினார்.

ஆக, 1967இல் அவருக்கு 29 வயது. குடும்பம் இருக்கிறது. உச்சத்தில் இருக்கப்போகும் ஆண்டுகள் இன்னும் எத்தனை என்று தெரியாது. இந்த டூரில் முன்னணி இடத்தில் முடித்தே ஆக வேண்டும். தனக்கான நாட்கள் என்று அவர் குறித்து வைத்திருந்த கட்டங்களில் ஒன்றுதான் வென்டூ மலை ஏறும் 13ஆம் கட்டம்.

ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே வயிறு கெட்டுவிட்டது. ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் 10ஆவது கட்டத்தின்போது வயிற்றுப்போக்கும் வலியும். சரியாகச் சாப்பிட முடியவில்லை. வயிற்றுப்போக்கு என்றால் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் சேர்ந்து வெளியேறுகின்றன என்று அர்த்தம். வீட்டில் படுத்து ஓய்வெடுக்க வேண்டிய உடம்போடு அவர் தினமும் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார்.

13ஆம் கட்டம் தொடங்கியபோது ஒட்டுமொத்தப் பட்டியலில் அவருக்கு 7ஆவது இடம். விலகிப் போக மனசு வரும் இடமா அது?

4 பாட்டில் விதி என்பது என்ன?

அன்றைய விதிப்படி ஒரு வீரருக்கு நாள் முழுவதும் 4 பாட்டில் தண்ணீர்தான். மொத்தம் சுமார் 2 லிட்டர். கிளம்பும்போது சைக்கிளில் 2 பாட்டில், வழியில் உணவு கொடுக்கும் இடங்களில் மேலும் 2. அணியின் கார் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தாலும் அதிலிருந்து தண்ணீர் வாங்கக் கூடாது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய நம்பிக்கையும் இருந்தது. ஓட்டும்போது அதிகம் தண்ணீர் குடித்தால் உடம்பு கனக்கும், வேகம் குறையும், தாகத்தைத் தாங்குபவனே நல்ல வீரன் என்பதுதான் அது. உடலில் தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்ற அறிவு அன்று பந்தய உலகில் பரவவில்லை.

விதி இருந்தாலும் தாகம் கேட்குமா? வழியில் இருக்கும் கடைகளுக்குள்ளும் மதுக்கூடங்களுக்குள்ளும் வீரர்கள் புகுந்து, கையில் சிக்கியதை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். கோலா, பீர், ஒயின் எது கிடைத்தாலும் சரி. அணித் தலைவருக்குத் துணையாக ஓட்டும் வீரர்களின் வேலைகளில் இதுவும் ஒன்று. காசு கொடுக்க நேரம் இருக்காது. இந்தக் காட்சிகளைப் பார்த்து மக்கள் சிரித்தார்கள். பந்தயத்தின் வேடிக்கைகளில் ஒன்றாகவே அது பார்க்கப்பட்டது.

ஜூலை 13: அந்த மலையில் என்ன நடந்தது?

மார்செய் நகரிலிருந்து கார்பென்ட்ரா வரை 211.5 கி.மீ. நடுவில் வென்டூ மலை.

புரோவான்ஸ் சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் இந்த மலையின் உயரம் சுமார் 1,910 மீட்டர். பெடுவான் கிராமத்திலிருந்து உச்சி வரை 21 கி.மீக்கும் மேல் ஏற்றம்தான். முதலில் காட்டு வழி. கடைசி 6 கி.மீ தூரத்துக்கு மரமே கிடையாது. வெறும் வெள்ளைச் சுண்ணாம்புக் கல். வெயில் மேலிருந்து அடிப்பது போதாதென்று, கல்லில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும்.

அன்று வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பந்தயத்தின் மருத்துவர் பியர் டூமாவுக்குக் காலையிலேயே பயம் வந்துவிட்டது. இந்த வெயிலில் யாராவது மருந்து எடுத்துக்கொண்டு ஓட்டினால் உயிரே போகலாம் என்று செய்தியாளர்களிடம் சொல்லிவைத்தார். அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. 1955இல் இதே மலையில் ஜான் மல்லெஜாக் என்ற பிரெஞ்சு வீரர் மயங்கி விழுந்தபோது சிகிச்சை கொடுத்தவர் அவர்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில், கடும் வெயிலில் டென்மார்க் வீரர் கனுட் எனமார்க் ஜென்சன் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்த சம்பவமும் எல்லோர் நினைவிலும் இருந்தது.

மலை அடிவாரத்தில் வழக்கம்போல வீரர்கள் கடைகளுக்குள் புகுந்தார்கள். சிம்ப்சனுக்காகச் சக வீரர் கொண்டுவந்ததில் பிராந்தியும் இருந்தது. கலங்கிய வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்று அதில் கொஞ்சம் குடித்தார்.

ஏற்றம் தொடங்கியது. ஆரம்பத்தில் முன்னணிக் குழுவோடு ஒட்டிக்கொண்டு வந்தார். பிறகு மெல்லப் பின்தங்கினார். காட்டைத் தாண்டி வெள்ளைக் கல் பகுதிக்கு வந்தபோது அவர் சைக்கிள் நேராகப் போகவில்லை. சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வளைந்து வளைந்து போனது.

உச்சிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது கீழே விழுந்தார். பின்னால் காரில் வந்த அணியின் மெக்கானிக் ஹாரி ஹால் ஓடிவந்தார். போதும், நிறுத்திவிடலாம் என்றார். சிம்ப்சன் கேட்கவில்லை. மறுபடி ஏற்றிவிடச் சொன்னார். பெடலில் காலைப் பிணைக்கும் வாரை இறுக்கச் சொன்னார்.

இந்த இடத்தில் அவர் சொன்னதாக ஒரு வாக்கியம் உலகம் முழுக்கப் பரவி, புத்தகத் தலைப்பாகவே ஆகிவிட்டது. உண்மையில் அது அங்கே இல்லாத ஒரு செய்தியாளர் எழுதியது. ஆனால் தொடர்ந்து ஓட்ட வேண்டும் என்று சிம்ப்சன் அடம்பிடித்தது நிஜம்.

சில நூறு மீட்டர்தான். மறுபடி தடுமாறினார். இந்த முறை தாங்கிப் பிடித்தார்கள். நினைவு தப்பிவிட்டது. கைப்பிடியை இறுகப் பற்றியிருந்த விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. சாலையோரக் கற்களின் மேல் படுக்கவைத்து வாயோடு வாய் வைத்துச் சுவாசம் கொடுத்தார்கள். டூமா வந்து முயன்றார். ஹெலிகாப்டரில் அவினியோன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மாலை 5.40 மணிக்கு இறந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

அவர் ஜெர்சியின் பின்பையில் மூன்று குப்பிகள் இருந்தன. இரண்டு காலி. ஒன்றில் பாதி ஆம்ஃபெட்டமைன் மாத்திரை மிச்சம் இருந்தது.

உடலுக்குள் என்ன நடந்தது?

சைக்கிள் மிதிக்கும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சக்கரத்தைச் சுழற்றப் போகிறது. மீதி எல்லாம் வெப்பம். அதை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும்.

சமவெளியில் வேகமாக ஓட்டும்போது காற்று முகத்தில் அடிக்கும், வியர்வை சீக்கிரம் காயும். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறையும். காற்று இருக்காது. ஆனால் தசைகளின் உழைப்போ அதிகம். அதாவது வெப்பம் அதிகமாக உருவாகி, குறைவாக வெளியேறும். வெயிலில் மலை ஏற்றம் இவ்வளவு ஆபத்தாக இருக்க இதுதான் காரணம்.

கடும் வெயிலில் கடுமையாக ஓட்டினால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பது சாதாரணம். ஒரு லிட்டர் என்றே கணக்குப் போடுவோம். ஐந்து மணி நேரத்தில் 5 லிட்டர். விதிப்படி உள்ளே போவது 2 லிட்டர். 3 லிட்டர் பற்றாக்குறை. 70 கிலோ எடை உள்ள ஒருவருக்கு இது உடல் எடையில் 4 சதவீதத்துக்கும் மேல். 2 சதவீதத்தைத் தாண்டும்போதே உடலின் செயல்திறன் குறையத் தொடங்கும் என்கிறது விளையாட்டு மருத்துவம்.

தண்ணீர் குறைந்தால் ரத்தத்தின் அளவும் குறையும். அந்தக் குறைந்த ரத்தத்தைத் தசைக்கும் அனுப்ப வேண்டும், வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். ஒரு கட்டத்துக்கு மேல் முடியாது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மேலே போனால் மூளை குழம்பும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், எங்கே இருக்கிறோம் என்பதே புரியாது. இதுதான் ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்ப வாதம். சாலையில் வளைந்து வளைந்து போன அந்தச் சைக்கிள் கடும் களைப்பை மட்டும் காட்டவில்லை. அது ஆபத்தின் கடைசி எச்சரிக்கை.

அப்படியென்றால் ஊக்கமருந்து காரணம் இல்லையா?

காரணம்தான். பிரேதப் பரிசோதனையில் ஆம்ஃபெட்டமைனும் மதுவும் உடலில் இருந்தது உறுதியானது. கடும் களைப்பால் இதயம் செயலிழந்ததே மரணத்துக்குக் காரணம் என்று பதிவானது.

சாதாரணமாக உடம்பு தாங்காத நிலைக்குப் போகும் முன்பே, போதும் நிறுத்து என்று ஒரு குரல் உள்ளே கேட்கும். சோர்வு, தலைசுற்றல், தாகம் எல்லாம் அந்தக் குரல்தான். ஆம்ஃபெட்டமைன் அந்தக் குரலை அமுக்கிவிடும். உடல் வெப்பத்தையும் அது கூட்டும். சக்தி இருப்பது போலத் தோன்றும். ஆனால் புதிதாக எந்தச் சக்தியும் வந்திருக்காது.

மது அடுத்த பிரச்சினை. அது சிறுநீரைக் கூட்டி, இருக்கும் தண்ணீரையும் வெளியேற்றும். இதோடு பல நாள் வயிற்றுப்போக்கு, சரியான சாப்பாடு இல்லை, 40 டிகிரி வெயில், மர நிழலே இல்லாத ஏற்றம். இதில் எது தனியாக அவரைக் கொன்றது என்று பிரிக்க முடியாது. எல்லாம் சேர்ந்துதான் கொன்றன.

மாத்திரையை விழுங்கியது சிம்ப்சனின் முடிவு. அந்தக் காலத்துப் பந்தய உலகில் அது அரிதான ஒன்றும் இல்லை. பிரான்ஸ் 1965இலேயே ஊக்கமருந்துத் தடைச் சட்டம் கொண்டுவந்திருந்தது. 1966 டூரில் முதல் சோதனைகளும் நடந்தன. ஆனால் பழக்கம் மாறவில்லை. அதே நேரம், 2 லிட்டர் தண்ணீரோடு அந்த மலையை ஏறச் சொன்ன விதியை எழுதியது சிம்ப்சன் இல்லை.

அவர் மரணத்துக்குப் பிறகு என்ன மாறியது?

மறுநாள் பந்தயம் நிற்கவில்லை. ஆனால் மற்ற வீரர்கள் வேகத்தைக் குறைத்து, பிரிட்டன் அணி வீரர் ஒருவரை முன்னே போகவிட்டார்கள். பாரி ஹோபன் அந்தக் கட்டத்தை வென்றார்.

ஹார்வொர்த் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். பீஜோ அணியில் அவரோடு ஓட்டிய பெல்ஜிய இளைஞர் எடி மெர்க்ஸும் வந்திருந்தார். பின்னாளில் டூர் டி பிரான்ஸை 5 முறை வென்ற அதே மெர்க்ஸ்தான்.

1968 டூர் உடல்நலத்துக்கான டூர் என்ற அடைமொழியோடு தொடங்கியது. ஊக்கமருந்துச் சோதனைகள் கூட்டப்பட்டன. தொடங்கிய ஊர் எது தெரியுமா? வீட்டல். மினரல் வாட்டருக்குப் பெயர்போன பிரெஞ்சு ஊர்.

தண்ணீர் விஷயத்தில் இருந்த பழைய பிடிவாதமும் காலப்போக்கில் தளர்ந்தது. இன்றைய டூரில் அணியின் காருக்குப் போய், ஜெர்சிக்குள் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு வந்து சக வீரர்களுக்குக் கொடுப்பது துணை வீரர்களின் அன்றாட வேலை. கடும் வெயில் நாட்களில் பந்தயப் பாதையைச் சுருக்கவோ நேரத்தை மாற்றவோ வழிசெய்யும் வானிலை விதிமுறையும் இப்போது உண்டு. கடைக்குள் புகுந்து பாட்டில் திருட வேண்டிய நிலை இல்லை.

ஆனால் வென்டூவின் குணம் மாறவில்லை. 1970இல் அதே மலையில் முதலாவதாக உச்சியை எட்டியவர் மெர்க்ஸ். சிம்ப்சன் விழுந்த இடத்தைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார். உச்சியில் மூச்சு வாங்க முடியாமல் அவருக்கே ஆக்சிஜன் கொடுக்க வேண்டியிருந்தது.

நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுபவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

பந்தய வீரராக இருக்க வேண்டும் என்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் 60, 80 கி.மீ ஓட்டுபவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

* தாகத்தை அடக்க வேண்டாம். சிறிது சிறிதாக அடிக்கடி குடியுங்கள். ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தால் வயிறு கனக்கும்.

* உங்களுக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பாக்கி என்று அர்த்தம். இந்த அளவு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும்.

* வெறும் தண்ணீர் மட்டும் போதாது. வியர்வையில் உப்பும் போகிறது. பல மணி நேரம் ஓட்டினால் ஓஆர்எஸ் கரைசலோ, உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சை ஜூஸோ உதவும்.

* அளவுக்கு மீறியும் குடிக்கக் கூடாது. வியர்ப்பதைவிட அதிகமாக வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். அதுவும் உயிருக்கு ஆபத்துதான். ஓட்டி முடித்த பிறகு எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

* சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் பரவாயில்லை. அடர் மஞ்சளாகவும் கொஞ்சமாகவும் போனால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது.

* வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு சைக்கிளை எடுக்காதீர்கள். சுகமான பிறகும் ஓரிரு நாள் பொறுங்கள்.

* முதல் நாள் இரவு மது, கிளம்பும் முன் எனர்ஜி டிரிங்க் என்ற கூட்டணி வேண்டாம். ஒன்று தண்ணீரை வெளியேற்றும், இன்னொன்று களைப்பை மறைக்கும்.

* கூட வருபவர் தள்ளாடினாலோ, சம்பந்தம் இல்லாமல் பேசினாலோ உடனே நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோங்கள். உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறி விடுங்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கடைசி விஷயம்தான் ரொம்ப முக்கியம். அந்த நிலையில் இருப்பவர் தனக்கு ஒன்றும் இல்லை, ஓட்டுகிறேன் என்றுதான் சொல்வார். சிம்ப்சனும் அப்படித்தான் சொன்னார். வெப்பத்தில் குழம்பிய மூளை சொல்லும் தைரியத்தை நம்பக் கூடாது. முடிவைப் பக்கத்தில் இருப்பவர்தான் எடுக்க வேண்டும்.

அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது?

சிம்ப்சன் விழுந்த இடத்துக்கு அருகே, வென்டூ உச்சிக்கு ஒரு கிலோமீட்டர் முன்பாக, அவருக்கு ஒரு கிரானைட் நினைவுக்கல் இருக்கிறது. உலகின் பல நாடுகளிலிருந்து மலை ஏற வரும் சைக்கிள்காரர்கள் அங்கே ஒரு நிமிடம் நிற்கிறார்கள். தொப்பி, டியூப் என்று எதையாவது வைத்துவிட்டுப் போகிறார்கள். பலரும் விட்டுச் செல்வது தங்கள் தண்ணீர் பாட்டில்களைத்தான்.